காயமடைந்த குழந்தைக்கும் பராமரிப்பவருக்கும் ஏற்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்: முழுமையான வழிகாட்டி

கால் எலும்பு முறிந்து பல வாரங்கள் படுக்கையில் கிடந்த ஒரு குழந்தை மனத்தளவில் விரைவாகத் தேறிவிடுவதும், நெற்றியில் சில தையல்களோடு அன்றே வீடு திரும்பிய இன்னொரு குழந்தை மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பதும் உண்டு. காயமடைந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: காயம் எவ்வளவு கடுமையானது என்பதைக் கொண்டு மனப்பாதிப்பு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று கணிக்க இயலாது. அந்த நேரத்தில் குழந்தை எவ்வளவு அஞ்சியது, தான் இறந்துவிடுவோம் என்று நினைத்ததா, பின்னர் குடும்பமும் சுற்றமும் அதற்கு எந்த அளவு துணையாக இருந்தன ஆகியவையே கூடுதல் எடை பெறுகின்றன. ஆகவே, 'சின்ன அடிதானே' என்று நிம்மதி அடைவதும் சரியல்ல. பெரிய அடி என்பதற்காகவே மனம் சிதைந்துவிடும் என்று முடிவுகட்டுவதும் சரியல்ல.

இந்த வழிகாட்டி காயம் நேர்ந்த நாளிலிருந்து கால வரிசையில் செல்கிறது. பெற்றோரையோ, தாத்தா பாட்டியையோ, குழந்தையை வளர்க்கும் வேறு எவரையுமோ 'பராமரிப்பவர்' என்று குறிப்பிடுகிறேன். குழந்தைக்கு ஒன்று, பராமரிப்பவருக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிக்காததற்குக் காரணம் உண்டு. ஆபத்து முடிந்துவிட்டதா இல்லையா என்பதைக் குழந்தை பெரியவரின் முகத்திலும் குரலிலும்தான் படித்துக்கொள்கிறது. பெரியவரோ குழந்தையின் ஒவ்வோர் அழுகையிலும் விபத்தை மீண்டும் காண்கிறார். ஒருவரை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் தேற்ற முயல்வது பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது.

முதல் படி: எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ளுதல்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 1980இல் இடம்பெற்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, மருத்துவர்களிடையே பி.டி.எஸ்.டி. என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. 2013இல் வந்த அக்கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அறிகுறிகளை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறது. நடந்தது கனவாகவும் நினைவாகவும் விளையாட்டாகவும் தானே வந்து புகுவது ஒன்று. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு ஆகியவற்றைத் தவிர்ப்பது இரண்டாவது. தன்னையும் உலகையும் பற்றிய எண்ணங்கள் இருண்டுபோய், குற்றவுணர்வும் மகிழ்ச்சியின்மையும் குடிகொள்வது மூன்றாவது. உடல் எப்போதும் விழிப்பு நிலையில் இருந்து, திடுக்கிடுதல், எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் என்று வெளிப்படுவது நான்காவது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குத் தனி அளவுகோலை அதே பதிப்பு வகுத்தது. ஏனெனில் தங்களுக்குள் நிகழ்வதைச் சொல்லும் மொழி அவர்களிடம் இன்னும் முழுமையாக இல்லை.

மூன்று வயதுக் குழந்தை 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லாமல், பொம்மைக் காரை ஒரே விதமாக, சிரிப்பே இல்லாமல், மீண்டும் மீண்டும் மோதவிடும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோயிருந்தாலும் மீண்டும் திரும்பலாம். தாயோ தந்தையோ அடுத்த அறைக்குப் போனாலே அலறலாம். பேசிக்கொண்டிருந்த சொற்கள் குறையலாம். பள்ளி வயதில் வயிற்றுவலி, தலைவலி, பள்ளிக்குப் போக மறுத்தல் ஆகியவை வருகின்றன; அவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒன்றாக, 'என்னால்தான் இது நடந்தது' என்ற உறுதியான நம்பிக்கையும் வரக்கூடும். வளரிளம் பருவத்தினர் அறைக்கதவை மூடிக்கொள்கிறார்கள், எரிந்து விழுகிறார்கள், சிலர் தேவையற்ற ஆபத்துகளில் இறங்குகிறார்கள். வீட்டார் அதை 'வயசுக் கோளாறு' என்று கடந்துவிடுகிறார்கள்.

காயத்துக்குப் பின் முதல் சில நாட்களில் இவற்றில் சில தோன்றுவது மிக இயல்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவை நாட்கள் செல்லச் செல்லத் தணிந்துவிடுகின்றன. மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை நீடிக்கும் கடுமையான நிலைக்குக் கடும் மன அழுத்தக் கோளாறு என்று பெயர்; ஒரு மாதத்தைக் கடந்தும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மட்டுமே பி.டி.எஸ்.டி. என்ற முடிவுக்கு வருகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, பேரதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு இக்கோளாறு ஏற்படுகிறது. மனிதர் இழைத்த வன்முறைக்குப் பின் இது கூடுதலாகவும், விபத்து போன்றவற்றுக்குப் பின் குறைவாகவும் காணப்பட்டது.

தலையில் அடிபட்ட குழந்தைகள் விஷயத்தில் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. மூளை அதிர்வுக்குப் பின்னும் தலைவலி, எரிச்சல், தூக்கக் குலைவு, கவனமின்மை ஆகியவை வரும். எது எதனால் என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. இரண்டையும் மருத்துவரிடம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: முதல் மணி நேரங்கள்

இந்த நேரத்தில் செய்யக்கூடியவற்றுள் முதன்மையானது வலியைக் குறைப்பது. தீக்காயமடைந்த குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மருத்துவமனையில் மார்ஃபின் என்னும் வலி மருந்தைக் கூடுதலாகப் பெற்றவர்களுக்கு ஆறு மாதங்களில் அதிர்ச்சி அறிகுறிகள் அதிகமாகத் தணிந்திருந்தன. அந்த ஒரு சான்றைக் கொண்டு மருந்தின் அளவைக் கூட்டச் சொல்ல முடியாது. எனினும், 'குழந்தைதானே, கொஞ்சம் அழுதால் சரியாகிவிடும்' என்று வலியைப் பொறுத்துக்கொள்ள வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதை அது உணர்த்துகிறது. கட்டு மாற்றுவதற்கு முன் வலி மருந்து கொடுக்கப்பட்டதா, அது வேலை செய்யத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் கட்டைப் பிரிக்காமல் காத்திருக்க முடியுமா என்று பராமரிப்பவர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அடுத்தது பிரிவு. ஆம்புலன்ஸில், எக்ஸ்ரே அறையில், தையல் போடும் மேசையில் என எங்கெல்லாம் அனுமதிக்கிறார்களோ அங்கெல்லாம் தெரிந்த முகம் ஒன்று குழந்தையின் கண்ணில் படும்படி நிற்பது நல்லது. அனுமதி இல்லாதபோது, எங்கே போகிறது, யார் உடன் இருப்பார்கள், மீண்டும் எங்கே சந்திப்போம் என்பதைக் குழந்தைக்குச் சொல்லிவிட்டே அனுப்ப வேண்டும். சொல்லாமல் நழுவிச் செல்வது அந்த நேரத்து அழுகையைத் தவிர்க்கும். ஆனால் அடுத்த முறை கழிவறைக்குப் போனால்கூடக் குழந்தை நம்மை நம்பாது.

மூன்றாவது, உண்மை. 'ஊசி வலிக்கவே வலிக்காது' என்ற பொய் ஊசி குத்திய கணத்திலேயே உடைந்துபோகிறது. 'கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், நான் பத்து வரை எண்ணுவேன், நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்' என்பது உண்மையாகவும் இருக்கிறது, குழந்தைக்கு ஒரு வேலையையும் தருகிறது. எந்தக் கையில் ஊசி போடுவது, உட்கார்ந்திருப்பதா படுத்திருப்பதா என்பன போன்ற சிறு தேர்வுகளைக் குழந்தையிடம் விட முடிந்தால் விடுங்கள். விபத்து பறித்துச் சென்ற கட்டுப்பாட்டில் ஒரு துளியை அது திருப்பித் தருகிறது. 'ஊசி வேண்டுமா, வேண்டாமா' போன்ற, உண்மையில் தேர்வே இல்லாத இடத்தில் தேர்வு இருப்பதுபோல் மட்டும் கேட்காதீர்கள்.

மூன்றாம் படி: வார்டில் இருக்கும் நாட்கள்

காயமடைந்த குழந்தைகளைப் பராமரிக்கும் மருத்துவக் குழுக்களுக்கென வகுக்கப்பட்ட ஓர் எளிய முறை மூன்று கேள்விகளைக் கொண்டது: குழந்தையின் வலியும் பயமும் எவ்வளவு? மனத் துணைக்கு அதற்கு இப்போது என்ன தேவை? குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது? செவிலியர் இதைக் கேட்காவிட்டால், பராமரிப்பவரே நாளுக்கு ஒரு முறையேனும் தமக்குள் கேட்டுக்கொண்டு, விடைகளைச் சுற்று வரும் மருத்துவரிடம் சொல்லலாம்.

குழந்தை தன் சிகிச்சையைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கேட்டறிவது இந்த நாட்களின் மிக முக்கியமான வேலை என்பது என் கருத்து. பெரியவர்கள் விளக்கம் சொல்வதில் காட்டும் ஆர்வத்தைக் கேட்பதில் காட்டுவதில்லை. 'உனக்கு இங்கே என்ன செய்கிறார்கள் என்று நீ நினைக்கிறாய்?' என்று கேட்டால், மாவுக்கட்டைப் பிரிக்கும் கருவி காலையே வெட்டிவிடும், வார்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட பக்கத்துப் படுக்கைச் சிறுவன் இறந்துவிட்டான், சொன்னதைக் கேட்காமல் ஓடியதற்குத் தண்டனைதான் இது என்பன போன்ற எண்ணங்கள் வெளிவரக்கூடும். கேட்காதவரை அவை குழந்தைக்குள்ளேயே வளரும். முதலில் முழுவதும் கேளுங்கள். பிறகு தவறானதை மட்டும், குறைந்த சொற்களில், திருத்துங்கள்.

அதே விபத்தில் வேறொருவர் இறந்திருந்தால், அதைக் குழந்தையிடம் எப்போது சொல்வது என்ற கேள்வி குடும்பத்தை வாட்டும். குழந்தை விழிப்போடு இருந்து, புரிந்துகொள்ளும் உடல்நிலைக்கு வந்தபின், அது நம்பும் ஒருவர் எளிய நேர்ச்சொற்களில் சொல்வதே சிறந்தது. 'தூங்குகிறார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொன்னால், குழந்தை தூக்கத்துக்கும் பயணத்துக்கும் அஞ்சத் தொடங்கும். வார்டில் யாரோ பேசுவதிலிருந்து உண்மையை அறியவும் நேரிடும்.

நான்காம் படி: வீட்டில் முதல் மாதம்

வழக்கங்களைத் திரும்பக் கொண்டுவருவதே இந்த மாதத்தின் பெரும்பணி. தூங்கும் நேரம், உண்ணும் நேரம், விளையாட்டு, செய்யக்கூடிய சிறு வீட்டு வேலை ஆகியவை பழைய ஒழுங்கில் நடப்பது, ஆபத்து முடிந்துவிட்டது என்பதை எந்த அறிவுரையைவிடவும் உறுதியாகக் குழந்தைக்கு உணர்த்தும். பரிதாபப்பட்டு எல்லா விதிகளையும் தளர்த்திவிடத் தோன்றும். சிறிது தளர்த்தலாம், முற்றிலும் கைவிட்டால், தன் நிலைமை சொல்லப்பட்டதைவிட மோசமானது என்று குழந்தை எடுத்துக்கொள்ளக்கூடும்.

விபத்தைப் பற்றிப் பேசலாமா? குழந்தை தொடங்கினால் பேசலாம். பேச்சை மாற்றக் கூடாது. குழந்தை பேச விரும்பாதபோது தோண்டித் துருவக் கூடாது. உறவினர் வரும்போதெல்லாம் 'என்ன நடந்தது, சொல்லு' என்று குழந்தையை விவரிக்க வைப்பதைத் தடுக்க வேண்டியது பராமரிப்பவரின் கடமை. நடந்ததை ஒரே அமர்வில் விரிவாகப் பேசவைக்கும் முறையைச் சாலை விபத்தில் சிக்கிய குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து 2006இல் வெளியான ஆய்வில், அதனால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. பிரிட்டனின் தேசியச் சுகாதார வழிகாட்டுதல் நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் அத்தகைய முறையை வழங்க வேண்டாம் என்றே கூறுகின்றன.

தவிர்த்தல் என்னும் அறிகுறிதான் வீட்டில் மிக எளிதாக வேர்விடுகிறது. அன்பான குடும்பங்களில் இன்னும் எளிதாக. காரில் ஏற மறுக்கும் குழந்தையைக் காரில் ஏற்றாமலே இருந்தால் அன்றைய நாள் அமைதியாகக் கழியும், பயமோ ஒரு படி உறுதிப்படும். கட்டாயப்படுத்தித் தூக்கி உள்ளே வைத்தால் பயம் வேறு வழியில் உறுதிப்படும். நின்றுகொண்டிருக்கும் காரின் அருகில் சென்று வருவது, கதவைத் திறந்து உட்காருவது, இயந்திரத்தை இயக்கிவிட்டு நகராமல் இருப்பது, தெருமுனை வரை போய்த் திரும்புவது என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் பயம் தணியும்வரை காத்திருந்து, குழந்தையின் ஒப்புதலோடு அடுத்ததற்குச் செல்வதே பயன் தருகிறது. பயம் மிகக் கடுமையாக இருந்தால் இதை ஓர் உளவியலாளரின் வழிகாட்டுதலோடு செய்யுங்கள்.

தூக்கத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கெட்ட கனவு கண்டு விழித்த குழந்தையிடம் அப்போதே கனவை விசாரிக்க வேண்டாம். எங்கே இருக்கிறது, யார் அருகில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லி, விளக்கைச் சற்றே ஏற்றி, மீண்டும் உறங்கும்வரை உடன் இருந்தால் போதும். சில இரவுகள் பெரியவரின் அறையில் படுப்பதில் கேடில்லை. வாரங்கள் செல்லச் செல்லத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். படுக்கையை நனைத்ததற்காகத் திட்டுவதும் பிறர் முன் சொல்வதும் கூடாது.

உடன்பிறந்தவர்களும் இந்த மாதத்தில் கவனிக்கப்பட வேண்டும். விபத்தைக் கண்டவர்களாக இருக்கலாம், வாரக்கணக்கில் உறவினர் வீட்டில் விடப்பட்டவர்களாக இருக்கலாம். 'நான் கையைப் பிடித்திருந்தால் அவள் ஓடியிருக்க மாட்டாள்' என்று யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கவும் கூடும்.

ஐந்தாம் படி: பராமரிப்பவர் தம்மைக் கவனித்தல்

தம் பிள்ளை விபத்தில் சிக்கி உயிராபத்தில் இருந்ததைக் கண்ணால் பார்க்காமல், செய்தியாக மட்டும் அறிந்த பெற்றோருக்கும் இக்கோளாறு வரலாம் என்பதை நோயறிதல் கையேடே ஏற்கிறது. எனவே, 'அடிபட்டது குழந்தைக்கு, எனக்கு என்ன?' என்று தம்மை ஒதுக்கிக்கொள்ளப் பராமரிப்பவருக்குக் காரணமில்லை. குழந்தை தேறிய பின்னும் தாயோ தந்தையோ தேறாமல் இருப்பதுண்டு. பிள்ளையின் சிகிச்சை நடக்கும்வரை உறுதியாக நின்றவர், எல்லாம் முடிந்து ஓய்வு கிடைத்த பின்னர் நொறுங்குவதும் உண்டு.

பராமரிப்பவரிடம் இது பெரும்பாலும் நோயாகத் தோன்றாது, பொறுப்புணர்வாகவே தோன்றும். இரவில் நான்கைந்து முறை எழுந்து குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பது, மாடிப்படியில் தனியே இறங்கவிடாதது, தொலைபேசி மணி ஒலித்தாலே நெஞ்சு பதறுவது, மருத்துவமனை வாசனை பட்டதும் வியர்ப்பது, கட்டு மாற்றும்போது அறையைவிட்டு வெளியேறுவது, தொடர் சிகிச்சைக்கான நாளை ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப்போடுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்ல முடியும். ஆனால் இவை பல சேர்ந்து ஒரு மாதத்துக்கும் மேல் தொடர்ந்தால் உதவி தேவைப்படுகிறது என்று பொருள். கடைசியாகச் சொன்ன தவிர்ப்பு குழந்தையின் உடலையும் பாதிக்கிறது: பிசியோதெரபிக்குப் போகாத கை மடங்காமலே போகலாம்.

குற்றவுணர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'ஒரு நிமிடம் திரும்பியிருந்தேன், அதற்குள்' என்ற நினைவு பராமரிப்பவரை விடுவதில்லை. 'உங்கள் தவறு இல்லை' என்று பிறர் சொல்வது அந்த நினைவைத் தொடுவதே இல்லை, ஏனெனில் அவருக்கு அந்த ஒரு நிமிடம் தெரியும். அந்த நேரத்தில் தமக்கு என்ன தெரிந்திருந்தது, பின்னர் என்ன தெரிய வந்தது என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒருவர் பொறுமையாக உதவும்போதுதான் அது இளகத் தொடங்குகிறது. தேர்ந்த உளவியலாளர் செய்யும் பணிகளுள் இது ஒன்று. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டும் வீட்டில், அந்தப் பேச்சு குழந்தையின் காதுக்கு எட்டாமல் இருப்பது அவசியம். அதைக் கேட்கும் குழந்தை தன்னால்தான் இருவரும் சண்டையிடுகிறார்கள் என்று முடிவுசெய்துகொள்ளும்.

குழந்தையின் முன்னால் அழவே கூடாது என்று எண்ண வேண்டியதில்லை. 'அம்மாவுக்கு அந்த நாளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவேன். உன்னைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியும்' என்று சொல்லும் தாய், உணர்வு வரும், போகும் என்பதைக் கற்றுத் தருகிறார். பெரியவரைத் தேற்றும் பொறுப்பு குழந்தையின் தலையில் விழுவதுதான் தவிர்க்க வேண்டியது. அதற்கு, மனம்விட்டுப் பேச வேறொரு பெரியவரும், உறங்கவும் உண்ணவும் இரவுக் காவலை மாற்றிக்கொள்ள ஓர் ஆளும் தேவை.

ஆறாம் படி: ஒரு மாதத்துக்குப் பின்

காயம் நேர்ந்த நாளிலிருந்து நான்கு வாரங்கள் கழித்து ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அன்று குழந்தையையும் தம்மையும் பற்றி நேர்மையாக மதிப்பிடுங்கள். அறிகுறிகள் குறைந்துவருகின்றனவா, அப்படியே நிற்கின்றனவா, கூடுகின்றனவா? எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் நேரடியாகவே கேளுங்கள். பெற்றோர் வருந்துவார்கள் என்று குழந்தைகள் மறைப்பதால், பெரியவரின் கணிப்பும் குழந்தையின் விடையும் அடிக்கடி வேறுபடுகின்றன. தொடர் சிகிச்சைக்குச் செல்லும்போது மருத்துவரிடம் மனநிலைக்கான பரிசோதனை வினாப்பட்டியலையும் கேட்கலாம். அறிகுறிகள் முதல் வாரங்களிலேயே மிகக் கடுமையாக இருந்தால் இந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சிகிச்சைகளில் மிகுந்த சான்று உள்ளது அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஜூடித் கோஹன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகியோர் குழந்தைகளுக்கென வடிவமைத்த முறையில், வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகளில், குழந்தையும் பராமரிப்பவரும் தனித்தனியாகவும் சேர்ந்தும் சிகிச்சையாளரைச் சந்திக்கிறார்கள். பதற்றத்தைத் தணிக்கும் திறன்களை முதலில் கற்றபின், நடந்ததைக் குழந்தை சிறிது சிறிதாகச் சொல்லவோ வரையவோ எழுதவோ செய்கிறது. 'என் தவறு' போன்ற எண்ணங்கள் அப்போது திருத்தப்படுகின்றன. முதல் சில அமர்வுகளுக்குப் பின் குழந்தை சற்றுக் கலங்குவதைக் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கலக்கத்தைச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டுத் தொடர்வதே நல்லது. கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. காயம் நேர்ந்த சில வாரங்களுக்குள்ளேயே தொடங்கும் சுருக்கமான முறை ஒன்றை யேல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அதன் அமர்வுகள் குழந்தையும் பராமரிப்பவரும் அறிகுறிகளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக் கற்பதையே மையமாகக் கொண்டவை. 2011இல் வெளியான ஆய்வில் அது நல்ல பயன் தந்தது.

மருந்து பற்றிச் சுருக்கமாக: குழந்தைகளின் பி.டி.எஸ்.டி.க்கு மனச்சோர்வு மருந்துகளையோ, முதல் மாதப் பதற்றத்துக்கு பென்சோடயசிபைன் வகை அமைதியூட்டிகளையோ தர வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் வேறு காரணத்துக்காக மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மருந்தை வீட்டார் தாமாக நிறுத்தக் கூடாது.

ஏழாம் படி: பள்ளிக்குத் திரும்புதல்

திரும்புவதற்கு முன்பே ஆசிரியரிடம் பேசி, யார் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைக் குழந்தையோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள். தழும்பையோ ஊன்றுகோலையோ பற்றிச் சக மாணவர் கேட்கும்போது சொல்ல ஓரிரு வாக்கியங்களை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம்: 'விபத்தில் அடிபட்டது, இப்போது பரவாயில்லை, வா விளையாடலாம்.' தேவைப்பட்டால் முதல் வாரம் அரை நாள் மட்டும் செல்லலாம். பதற்றம் வந்தால் வகுப்பைவிட்டு எங்கே போய் யாரிடம் இருக்கலாம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால், சோம்பல் என்று எண்ணுவதற்கு முன் தூக்கத்தையும் கவனத்தையும் விசாரியுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

செத்துப்போக வேண்டும் என்று குழந்தை சொன்னாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, உண்பதையும் உறங்குவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டாலோ, சுற்றி நடப்பதை உணராமல் நெடுநேரம் உறைந்து நின்றாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலையில் அடிபட்ட குழந்தைக்குத் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தியோ வலிப்போ குழப்பமோ வந்தாலோ அதை மன அழுத்தம் என்று எண்ணாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காயம் வீட்டிலோ வெளியிலோ ஒருவர் அடித்ததால் ஏற்பட்டிருந்தால், அந்த ஆளிடமிருந்து குழந்தையைப் பாதுகாப்பதே முதல் சிகிச்சை. ஆபத்து தொடரும் இடத்தில் மேற்சொன்ன படிகள் பலன் தருவதில்லை. பராமரிப்பவருக்கே உயிரை விட்டுவிடும் எண்ணம் வந்தாலோ, குழந்தையைத் தாக்கிவிடுவோமோ என்ற அச்சம் எழுந்தாலோ, உறங்குவதற்காகக் குடியையோ மாத்திரையையோ நாடத் தொடங்கினாலோ, நம்பிக்கையான ஒருவரிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தனியாகச் செல்லாமல் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.